கோயில் இடிந்த பிறகு மிஞ்சுவது என்ன?

குன்றத்தூர் என்றதும் பலருக்கு மலைமேல் இருக்கும் முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. 12ம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்த அவர், சொந்த ஊரில் திருநாகேஸ்வரம் என்ற சிவன் கோயிலையும் கட்டினார். கல்லிலும் கட்டினார், சொல்லிலும் கட்டினார். இந்த இரண்டில் எது நீண்ட நாள் நிற்கும்?

இந்தக் கேள்விக்கான பதில் அவர் எழுதிய சம்பந்தர் கதையிலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு வந்த சம்பந்தர் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகவில்லை. இந்தக் கரையில் இருந்தபடியே அக்கரையில் உள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைத்துப் பதிகம் பாடினார் என்கிறார் சேக்கிழார். கண்ணால் பார்க்காத கோயில்களைப் பற்றிய பாட்டு அது. சம்பந்தர் வாழ்ந்தது 7ம் நூற்றாண்டில். அவர் பாடிய அந்த இரண்டு கோயில்களும் ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பிறகு போர்த்துக்கீசியர் கையால் தரைமட்டமாயின. பாட்டு மட்டும் அப்படியே இருந்தது.

திருக்கோணமலையின் கதை ஒவ்வொரு தமிழரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அதை எருசலேம் கோயிலின் கதையோடு சேர்த்துப் படித்தால், ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் கிடைக்கும்.

1622ல் நடந்தது

இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்தான பாறை சுவாமி மலை. அதன்மேல் இருந்தது கோணேஸ்வரர் கோயில். உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என மூன்று கோயில்கள் அங்கே இருந்ததாகப் போர்த்துக்கீசியர் குறிப்புகளே சொல்கின்றன. 1622ம் ஆண்டு போர்த்துக்கீசியத் தளபதி கான்ஸ்டன்டைன் டி சா இவற்றை இடித்தான். சித்திரை வருடப்பிறப்பு அன்று சாமி ஊர்வலம் வெளியே போயிருந்த நேரத்தில், படைவீரர்கள் பூசாரி வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்று அந்த ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இடித்த கல்லை அவர்கள் வீணாக்கவில்லை. 1624ல் அதே கல்லைக் கொண்டு அதே மலையில் கோட்டை கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். ஆங்கிலேயர் அதற்கு பிரெடரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் கோட்டை வாசலில் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் பொறித்த கல்லைப் பார்க்கலாம். சாமிக்காக அடுக்கப்பட்ட கல் பீரங்கிக்குக் காவல் நின்றது!

சாதாரணமாகக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். கோயில் இல்லை, நிலம் ராணுவத்தின் கையில், கல் கோட்டைச் சுவரில். ஆனால் முடியவில்லை.

தப்பியவர்கள் சில திருமேனிகளை எடுத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் போனார்கள். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. எடுத்துப் போக முடியாத சிலைகளை மண்ணில் புதைத்து வைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பக்தர்கள் கோட்டைக்குள் வந்து, கோயில் இருந்த பாறை முனையில் நின்று, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பூவைக் கடலில் தூவி வழிபட்டதை வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரும் கூரையும் கருவறையும் இல்லாத இடத்தில் பூஜை நடந்தது.

1950ல் அந்த வட்டாரத்தில் கிணறு வெட்டியபோது, புதைத்து வைத்த சிலைகள் வெளியே வந்தன. 1956ல் ஆர்தர் சி. கிளார்க், அவருடைய நண்பர் மைக் வில்சன் இருவரும் கடலுக்கடியில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் பார்த்தார்கள். கிளார்க் யார் என்று தெரியும்தானே? விண்வெளிக் கதைகள் எழுதி உலகப்புகழ் பெற்றவர். கடலில் கிடந்த லிங்கம் ஒன்றை வில்சன் மீட்டார். 1963ல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இடித்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில் 341 ஆண்டுகள்.

எருசலேமில் நடந்தது

சாலமோன் கட்டியதாகச் சொல்லப்படும் எருசலேம் கோயிலை, கி.மு. 586 வாக்கில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எரித்தான். மக்களைச் சிறைப்பிடித்து பாபிலோனுக்குக் கொண்டு போனான். பாரசீக மன்னன் கோரேஸ் அவர்களைத் திரும்பிப் போக அனுமதித்த பிறகு, கி.மு. 516 வாக்கில் இரண்டாவது கோயில் எழுந்தது. ஏரோது மன்னன் அதை இன்னும் பிரம்மாண்டமாக்கினான். கி.பி. 70ல் ரோமானியத் தளபதி டைட்டஸ் அதையும் அழித்தான். கோயிலின் ஏழு கிளை விளக்கை வீரர்கள் தூக்கிப் போகும் காட்சி, ரோம் நகரத்தில் டைட்டஸ் வெற்றி வளைவில் இன்றும் இருக்கிறது. எருசலேமில் மிஞ்சியது கோயில் வளாகத்தைத் தாங்கிய சுற்றுச்சுவரின் பகுதிகள்தான். அதில் மேற்குச் சுவரில் யூதர்கள் இன்றும் நின்று பிரார்த்தனை செய்கிறார்கள்.

அவர்களுக்கு விழுந்த அடி கோணமலைக்கு விழுந்ததைவிடப் பெரியது. சைவர்களுக்கு ஒரு கோயில் போனால் ஆயிரம் கோயில்கள் மிச்சம் இருந்தன. யூதர்களுக்குப் பலி கொடுக்க அனுமதிக்கப்பட்ட இடமே அது ஒன்றுதான். கோயில் போனால் மதமே போயிற்று என்ற நிலை. அந்த நேரத்தில் யோகனான் பென் சக்காய் என்ற ஆசிரியர் யவ்னே என்ற ஊரில் சீடர்களைக் கூட்டிப் பாடம் நடத்தத் தொடங்கினார். ஒருநாள் இடிபாடுகளைப் பார்த்து அழுத சீடனிடம், பாவம் தீர இன்னொரு வழி இருக்கிறது, பிறருக்குச் செய்யும் அன்பான செயலே அது என்று அவர் சொன்னதாக யூத நூல்களில் ஒரு கதை உண்டு. பலிபீடம் இருந்த இடத்தில் பிரார்த்தனையும் படிப்பும் தர்மமும் வந்து உட்கார்ந்தன. அதனால்தான் அந்த மதம் இரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்தது.

அந்தக் கதையின் ஒரு கிளை கேரளம் வரை வந்திருக்கிறது. கி.பி. 70க்குப் பிறகு கொடுங்கல்லூர்ப் பக்கம் வந்து இறங்கியதாகக் கொச்சி யூதர்களின் மரபு சொல்கிறது. சுமார் கி.பி. 1000ல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதருக்குச் செப்பேடு கொடுத்து உரிமைகள் வழங்கினான். எழுத்து, வட்டெழுத்து. 1568ல் மட்டாஞ்சேரியில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்கள் ஜெப ஆலயம் கட்டினார்கள். 1662ல் போர்த்துக்கீசியர் அதைச் சேதப்படுத்தினார்கள். ஆம், கோணேஸ்வரத்தை இடித்த அதே போர்த்துக்கீசியர்! பிறகு டச்சுக்காரர் காலத்தில் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள்.

யார் இடித்தார்கள், ஏன் இடிந்தது?

இதுவரை இரண்டு கதையும் ஒரே மாதிரிதான் போகிறது. இதற்குப் பிறகுதான் முக்கியமான வித்தியாசம்.

"யார் இடித்தார்கள்?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் பதில் தயார். அங்கே பாபிலோன், ரோம். இங்கே போர்த்துக்கீசியர். ஆனால் யூதர்கள் இரண்டாவதாக ஒரு கேள்வியையும் கேட்டார்கள். "ஏன் இடிந்தது?"

முதல் கோயில் விழுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எரேமியா என்ற தீர்க்கதரிசி கோயில் வாசலில் நின்று எச்சரித்தார். இது கடவுளின் வீடு, இதற்கு எதுவும் ஆகாது என்று நம்பி ஏமாறாதீர்கள் என்றார். ஊரில் அந்நியனையும் அநாதையையும் விதவையையும் நசுக்கிவிட்டு இங்கே வந்து கும்பிட்டால் இந்தக் கட்டிடம் உங்களைக் காப்பாற்றாது என்றார். இதற்கு முன்பு சீலோ என்ற ஊரில் இருந்த புனித இடத்துக்கு என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள் என்றார். இதைச் சொன்னதற்காக அவரைக் கொல்லவே பார்த்தார்கள். ஆனால் கோயில் எரிந்த பிறகு அவர் பேச்சைத்தான் வேத நூலில் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கோயில் விழுந்ததற்கும் தால்மூத் ஒரு காரணம் சொல்கிறது. அந்தக் காலத்தில் படிப்புக்கும் சடங்குக்கும் குறைவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் காரணமில்லாமல் வெறுத்தார்கள் என்கிறது. ஆப் மாதம் 9ம் நாள் அவர்கள் இன்றும் பட்டினி கிடந்து துக்கம் அனுசரிக்கிறார்கள். அந்தத் துக்கத்தில் எதிரியைத் திட்டுவதோடு தங்கள் குற்றத்தைச் சொல்லி அழுவதும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். அடிபட்டவனைப் பார்த்து "உன் பாவத்தால்தான் அடி விழுந்தது" என்று மூன்றாம் மனிதர் சொன்னால் அது கொடுமை. போர்த்துக்கீசியர் செய்தது அநியாயம், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. பாபிலோனும் குற்றவாளிதான் என்று எரேமியா நூலே சொல்கிறது. அடிபட்டவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அப்படிக் கேட்டுக்கொண்டால் அவமானம் இல்லை, பலம்தான்.

தமிழர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா?

1963ல் கோணேஸ்வரத்தில் கும்பாபிஷேகம் நடந்தது என்று பார்த்தோம். 341 ஆண்டுகள் வாசல் இல்லாமல் இருந்தவர்களுக்கு வாசல் கிடைத்த வருடம். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1968ல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எதற்கு? உள்ளே போய்ச் சாமி கும்பிடுவதற்கு! சமூகக் குறைபாடுகளைத் தடை செய்யும் சட்டம் இலங்கையில் 1957லேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் அவர்கள் தடுக்கப்பட்டார்கள். தடுத்தவர்கள் போர்த்துக்கீசியர் அல்ல. அவர்களும் தமிழர்கள், அவர்களும் சைவர்கள்.

இந்தக் கரையிலும் அதே கதைதான். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனது 1939 ஜூலை 8ம் தேதி. அதற்கு முன்பு எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை பேர் வெளியே நின்றார்கள்? சேக்கிழாரே இதை எழுதியிருக்கிறார். நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போயிற்று, அவர் போக முடியவில்லை. தில்லையில் நெருப்பில் இறங்கி எழுந்த பிறகுதான் கதவு திறந்தது. இதைப் பக்திக் கதையாகச் சொல்லி உருகுகிறவர்கள், நெருப்பை மூட்ட வைத்த வழக்கத்தைப் பற்றி ஏன் ஒன்றும் கேட்பதில்லை?

வெளியில் இருந்து வந்தவன் கோயிலை இடித்தால் அது ஒரு நாளில் நடக்கும், வருடம் எழுதி வைக்கப்படும். உள்ளே இருப்பவர் ஒருவரை வாசலில் நிறுத்தினால், அவரைப் பொறுத்தவரை அந்தக் கோயில் அன்றே இடிந்துவிட்டது. அதற்கு வருடம் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. இரண்டாவது இடிப்பைப் பற்றிப் பேசாமல் முதல் இடிப்பைப் பற்றி மட்டும் கொதிப்பது பாதிக் கணக்கு. பாதிக் கணக்கு எந்தத் தணிக்கையிலும் தேறாது.

பூசலார் கட்டிய கோயில்

கணக்கு என்றதும் இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு விதமான சொத்துகள் வரும். கட்டிடம், இயந்திரம் போன்றவை கண்ணுக்குத் தெரியும் சொத்து. நற்பெயர் கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டிடத்துக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதியாக வேண்டும். நற்பெயரோ நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து வளரும், இல்லாவிட்டால் ஒரே நாளில் காணாமல் போகும்.

கோயிலுக்கும் இது பொருந்தும் என்பதற்குச் சேக்கிழார் ஒரு கதை வைத்திருக்கிறார். குன்றத்தூரில் இருந்து அதிக தூரம் இல்லாத திருநின்றவூரில் பூசலார் என்ற ஏழை. கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனதுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். அஸ்திவாரம் போட்டு, கல் சேர்த்து, விமானம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவபெருமான் மன்னன் கனவில் வந்து, உன் விழாவைத் தள்ளி வை, எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது என்கிறார். மன்னன் நின்றவூருக்கு வந்து தேடினால் கோயிலே இல்லை. பூசலார்தான் இருக்கிறார்.

அந்தக் காஞ்சிக் கோயில் கைலாசநாதர் கோயில் என்று சொல்வார்கள். இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் முதல் மரியாதை எதற்கு என்பதில் சேக்கிழாருக்குச் சந்தேகமே இல்லை. அவரே ஒரு கோயிலைக் கட்டியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கல் கோயில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கல்லுக்கு முன்னால் கட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது என்கிறார்.

கோணமலைப் பாறையில் நின்று கடலில் பூ தூவியவர்கள் எல்லாரும் பூசலார்கள்தான். இடிபாட்டுக்கு முன் அழுத சீடனுக்கு யோகனான் சொல்லிக் கொடுத்ததும் இதேதான்.

"அப்படியானால் கோயில் கட்டிடமே தேவையில்லையா?" என்று கேட்கலாம். தேவைதான். மனிதர்கள் கூடுவதற்கு ஒரு இடம் வேண்டும், பிள்ளைகளுக்குக் கைகாட்டிச் சொல்ல ஒரு கோபுரம் வேண்டும். பழைய கோயில்களையும் அவற்றின் கல்வெட்டுகளையும் கண்ணைப்போல் காப்பாற்ற வேண்டும். ஆனால் கோயில் நிற்கிறது என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எரேமியா எச்சரித்தது அந்த நினைப்பைப் பற்றித்தான்.

இன்றைய குன்றத்தூருக்கு

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை கம்பெனிகள்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலை முழுக்கக் கம்பெனி பஸ். குன்றத்தூரைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியது, வாடகை ஏறியது, கையில் பணம் புழங்குகிறது. பணம் புழங்கும் இடத்தில் திருப்பணியும் நடக்கும். நல்லதுதான்.

ஆனால் எரேமியா வாசலில் நின்று கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அந்நியன் எப்படி இருக்கிறான்?

இந்தச் சாலையில் அந்நியர்கள் நிறைய. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்து, ஒரு அறையில் பலராகத் தங்கியிருப்பவர்கள். தமிழ்நாட்டின் தூரத்து மாவட்டங்களில் இருந்து வந்து விடுதிகளில் இருக்கும் பெண்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள், அங்கே கொடுத்த சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று. அவர்களோடு வேலை பார்த்தவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் அவர்கள் எப்படித் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதே வெளியே தெரிந்தது.

இத்தனை பேர் வந்து தங்கும் ஊர்களில் கோயில் என்ன செய்கிறது என்பதுதான் சோதனை. அன்னதானப் பந்தியில் இந்தி பேசும் பையன் உட்கார்ந்தால் இலை விழுகிறதா, முறைப்பு விழுகிறதா? "வடக்கன்" என்று ஏளனமாகக் கூப்பிட்டுவிட்டு, அதே வாயால் தேவாரம் பாடினால் அந்தத் தேவாரம் எங்கே போய்ச் சேரும்? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் முதலில் சாதியை விசாரிக்கும் வீட்டுக்காரர் கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு நன்கொடை எழுதினால்தான் என்ன?

இடிந்த கோயில்களின் வரலாற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1622ஐ மறக்கக் கூடாது. ஆனால் அந்த வரலாற்றை இன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர்மேல் கோபத்தைக் கிளப்புவதற்கு மட்டும் பயன்படுத்தினால், 341 ஆண்டுகள் பாறை முனையில் கோயிலைக் காப்பாற்றியவர்களிடமிருந்து ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அவர்கள் யார் கட்டிடத்தையும் பதிலுக்கு இடிக்கவில்லை. பாட்டை மறக்கவில்லை, பூவை நிறுத்தவில்லை, புதைத்த இடத்தைச் சொல்லாமல் காத்தார்கள். அவ்வளவுதான்.

அந்நியர் இடித்த கோயில் எழுவதற்கு மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஒருவரை வாசலில் நிறுத்தி உள்ளே இருப்பவர்களே இடித்த கோயிலை எழுப்ப அவ்வளவு காலம் தேவையில்லை. நின்றவரை உள்ளே கூப்பிட்டால் போதும், அது அன்றைக்கே எழுந்துவிடும்.